வெறும் வயிற்றில் வரவும்

எங்கள் டாக்டர் மிகவும் நல்லவர். ஈப்போவில், எங்கள் குனோங் ராபாட் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோப்பெங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும், வழியில் இருக்கிற ஏழெட்டுக் கிளினிக்குகளைத் தாண்டி அவரிடம் வருகிறவர்கள் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். நோயாளியிடம் அவர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கு அதற்கு அவசியமே வந்ததில்லை. அந்த வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார்.

எங்கள் கிளினிக் நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை எகிறிப்போய் ஒருவர் உள்ளே போவார். டாக்டர் தம்முடைய சிலோன் தமிழில், "ஒண்டும் பயப்பிடாதேங்கோ, கொஞ்சம் கவனமா இருங்கோ, சரியோ?" என்பார். தோளில் ஒரு தட்டும் தட்டுவார். அந்த ஆள் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்போல் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். அதற்குள் அவருடைய மஞ்சள் அட்டை என் கைக்கு வந்திருக்கும். அட்டையின் வலது மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தால், "இவருக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று அர்த்தம். இரண்டு கோடு போட்டிருந்தால், "நன்றாகச் சொல்லுங்கள்." ஒரு கோட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபடியே சொல்வேன். இரண்டு கோட்டுக்கு எழுந்து நின்று சொல்வேன்.

இந்தக் கோட்டு விவகாரம் எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால் ஊரில் டாக்டருக்குத் தங்கமான மனுஷர் என்று பெயர், எனக்கு வேறு பெயர். "டாக்டரு தங்கம், அந்தக் கவுண்டர் பொம்பளதான்..." என்று ஆரம்பித்து மீதியை முடிக்காமல் விட்டுவிடுகிறார்களாம். என் தங்கச்சி கோயிலில் கேட்டு வந்து சொன்னாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான் இல்லையென்றால் இந்தச் சனங்கள் எல்லாம் என்ன ஆவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொள்ளச் சம்பளம் தேவையில்லை.

கிளினிக்கில் கம்ப்யூட்டரும் ஒன்று இருக்கிறது. அட்டைகளை அதன்மேல் அடுக்கி வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

எங்கள் ஆட்களிடம் ஓர் அருமையான பழக்கம் உண்டு. டாக்டரிடம் மட்டும் நோயைச் சொல்ல மாட்டார்கள். பாவம், நல்ல மனுஷர், அவர் மனசு கஷ்டப்படக் கூடாதல்லவா? உள்ளே, "எப்பிடி இருக்கிறியள்?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கேன் டாக்டர்." "முழங்கால் நோவு?" "அதெல்லாம் இல்ல டாக்டர்." வெளியே வந்து என்னிடம் மருந்துப் பையை வாங்கும்போதுதான், "அக்கா, முட்டி ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்குலா, அதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் திரும்ப உள்ளே அனுப்புவேன். உள்ளே போய், "சும்மாதான் டாக்டர், அந்த அக்கா போகச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை நலமாக வெளியே வருவார்கள்.

எடை பார்க்கச் சொன்னால் செருப்பு, சாவிக்கொத்து, பர்ஸ், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி என் மேசையில் கடை பரப்பிவிட்டு, மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார்கள். ரத்தப் பரிசோதனைத் தேதி என்றால் பரீட்சை எழுதப் போகிற மாதிரி. இரண்டரை மாதம் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டு, கடைசி மூன்று நாள் பாகற்காய் ஜூஸ் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். மூன்று மாதச் சர்க்கரையையும் ஒரு சொட்டு ரத்தத்தில் படித்துவிடுகிற பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று சொன்னால், நாங்கள் ஏமாற்றிவிட்டோம் என்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வருகிற வயிற்றுப்போக்குக்காரர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு கையில் கிடைத்த உடனே கவுண்டரிலேயே குணமாகிவிடுகிறவர்கள் அவர்கள்.

ரத்தம் எடுக்க வருகிறவர்களுக்காகக் கவுண்டர் கண்ணாடியில் நானே மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. தமிழில், "ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவும்." அதற்குக் கீழே மலாய், அதற்குக் கீழே சீனம். மலாய்க்காரர்களுக்கு "புவாசா" என்ற ஒரு சொல் போதும். நோன்பு பிடித்துப் பழகியவர்கள், மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் விளக்கவுரை வேண்டும். "கோப்பி ஓ குடிக்கலாமா அக்கா?" "சீனி போடாம?" "ஒரே ஒரு பிஸ்கட்?" ஒரு சிவராத்திரிக்கு மறுநாள் வந்த அம்மா ஒருவர், பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் சேருமா என்று கேட்டார். சேரும் என்றேன். சாமியையே எதிர்த்துப் பேசியவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

இனிமேல் சொல்லப் போவது ஓர் அண்ணனைப் பற்றி. அவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான். ஆனால் அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழுப்பிய தாமான் குடியிருப்பில் வீடு. எங்கள் டாக்டர் இளைஞராக இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்துக்கு மாதம் இரண்டு தடவை போய் வைத்தியம் பார்த்தவர். தோட்டம் போய்விட்டது, மருந்துக் கொட்டகை போய்விட்டது. இந்த அண்ணன் மட்டும் டாக்டரை விடாமல் ஈப்போ வரைக்கும் தேடி வந்துகொண்டிருந்தார். இருபது வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிடுவார்கள் என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும்.

ஒரு தடவை ரத்தம் கொடுக்க வந்தவர், வருகிற வழியில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் ஒரு கிளாஸ் தே தாரேக் டீயும் முடித்துவிட்டு வந்து நின்றார். காலையிலே எழுந்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அவ்வளவு தூரம் ஓட்டி வந்த மனிதர், பசித்திருக்கும். எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்கிறது. என் பேச்சைக் கேட்க நிறையப் பேர் இருந்தார்கள்.

"ஏண்ணே, தமிழ்ல எழுதித்தானே ஒட்டியிருக்கேன்? இப்ப ஊசியக் குத்துனா ஒங்களுக்கு ரத்தமா வரும்? தே தாரேக்தான் வரும். ஒரு கிளாஸ் கொண்டாந்து புடிச்சுக்குங்க."

கிளினிக்கே சிரித்தது. மூச்சிரைப்புக்கு வந்திருந்த ஒரு சீனத் தாத்தா, பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டுத் தாமதமாகச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். "சாரிலா அக்கா" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் அட்டையில் அன்றைக்குக் கோடே இல்லை. அது என்னுடைய சொந்தக் கைங்கரியம். அந்த தே தாரேக் வசனத்தை அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அதற்கு மறு வருடம் அவர் லைசென்ஸ் புதுப்பிக்கிற விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கு டாக்டர் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் லைசென்ஸ். மாதக் கடைசியில் பழையது முடிகிறது. அதற்குள் புதியது கையில் இல்லையென்றால் பிள்ளைகளை வேறு வேனில் அனுப்பிவிடுவோம் என்று பெற்றோர்கள் தரப்பில் சொல்லியிருந்தார்கள். இதை அவர் சொல்லி எனக்குத் தெரியும். அவருக்கு என்ன கவலை என்று அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கையில் வைத்திருந்த பாரம் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது.

எங்கள் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்ப்பதும் நான்தான். பட்டையைக் கையில் சுற்றி பட்டனை அழுத்தினேன். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு.

"இது என்னண்ணே பிரஷரு? லாரிக்கு அடிக்கிற காத்து மாதிரி இருக்கு."

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் ஒரு மாத்திரை சேர்த்து எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். மாத்திரைப் பாக்கெட்டின்மேல் வழக்கம்போல் நான்தான் தமிழில் எழுதினேன்: "காலை ஒன்று, பசியாறிய பிறகு." வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்று வாயாலும் சொன்னேன். ரத்த அழுத்த மாத்திரைக்கு அப்படியொன்றும் கட்டாயம் இல்லை. ஆனால் எல்லா மாத்திரைக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் எழுதுகிறவளுக்குச் சுலபம்.

ஒரு வாரம் கழித்து வந்தார். நூற்றெழுபதுக்குமேல். டாக்டர் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினார். அடுத்த வாரமும் வந்தார். இறங்கவேயில்லை. அட்டை வெளியே வந்தபோது அதன் மூலையில் மூன்று கோடு இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்றாவது கோட்டை நான் பார்த்ததில்லை. போதாததற்கு டாக்டரே கதவு வரைக்கும் வந்து, தணிந்த குரலில், "பிரஷர் இறங்குதில்லையே. மருந்து போடுறவர் மாதிரித் தெரியேல்லை. கொஞ்சம் சொல்லிப்பாருங்கோ" என்றார்.

எனக்குச் சொல்லவும் வேண்டுமா?

"மருந்து போடுறீங்களா, இல்ல குப்பைத் தொட்டிக்குப் போடுறீங்களா?" என்று கேட்டேன்.

"தெனமும் போடுறேன் அக்கா. சத்தியமா."

"பாக்கெட்டக் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மாத்திரைகள் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தன. ஒழுங்காகப் போடுகிறவரின் பாக்கெட் அப்படித்தான் இருக்கும். ஆனால் எனக்குத்தான் மூன்று கோடு கிடைத்திருக்கிறதே.

"நல்லாத் தூக்கிப் போட்டுட்டுக் காலிப் பாக்கெட்டக் கொண்டாந்து காட்டுறீங்க. யாருக்கிட்ட? புள்ளைங்க உசுரக் கையில வச்சிருக்கிற ஆளு நீங்க. மருந்து போட முடியலன்னா வேன விட்டுருங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் மூன்றாவதாக ஒரு மாத்திரையும் சேர்த்திருந்தார். அதிலும் நான் "பசியாறிய பிறகு" என்று எழுதியிருந்தேன்.

மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிவாக்கில் ஒரு கார் வாசலில் வந்து நின்றது. அண்ணனை அவர் மனைவியும் மைத்துனரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, சட்டை முழுதும் வேர்த்திருந்தது. கட்டிலில் படுக்க வைத்துப் பட்டையைச் சுற்றினேன். எண்பத்தாறுக்கு ஐம்பத்திரண்டு. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து பேட்டரியை மாற்றினேன். மாற்றியும் அதேதான். எனக்கு முதலில் பேட்டரிமேல்தான் சந்தேகம் வந்தது. என்மேல் வர இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

நடந்ததை அவர் மனைவி சொன்னார். பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில், செம்பனைக் காட்டு ரோட்டில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேனை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, "மாமா கொஞ்ச நேரம் தூங்குறேன், யாரும் எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்மேல் தலையை வைத்துவிட்டார். பதினொரு பிள்ளைகள். ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று அவருடைய கைப்பேசியை எடுத்து அவர் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ரோட்டில் லாரிகள் என்ன வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வழக்கமான அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"இண்டைக்குக் காலமை மருந்து போட்டனீங்களோ?"

"போட்டேன் டாக்டர்."

"மூண்டுமோ?"

"மூணும்."

"நேற்று?"

"போட்டேன்."

"போன கிழமை, இங்க வந்த நாள்?"

அண்ணன் மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் சொன்னார்.

"கிளினிக்குக்கு வர்ற நாள்ல மட்டும் போட மாட்டாரு டாக்டர். அன்னிக்குப் பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம வருவாரு. ரத்தம் எடுக்கலன்னாலும் அப்பிடித்தான். ஒருவேள எடுத்துட்டாங்கன்னா? சாப்புட்டுட்டு வந்தா அந்த அக்கா ஏசுவாங்களாம். வெறும் வயித்துல மாத்திரையும் போடக் கூடாதுன்னு அவங்களே பாக்கெட்டுல எழுதியிருக்காங்களாம். அப்ப அன்னிக்கு எப்பத்தான் போடுறது?"

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன், படுத்தபடியே.

புரிந்துவிட்டது. எனக்கே புரிந்துவிட்டது என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் ஒழுங்காகப் பசியாறி ஒழுங்காக மருந்து போடுகிறார்; அழுத்தம் சரியாகவே இருந்திருக்கிறது. எங்களிடம் வருகிற நாள் மட்டும் பட்டினி, மருந்தும் கிடையாது. போதாததற்கு நான் வேறு பட்டையைச் சுற்றிக்கொண்டு எதிரே நிற்கிறேன். ஏறாமல் என்ன செய்யும்? அந்த ஒரு நாள் எண்ணைப் பார்த்து நாங்கள் வாரா வாரம் மருந்தைக் கூட்டினோம். அதை மற்ற ஆறு நாளும் அவர் ஒன்று விடாமல் போட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் சொன்ன இரண்டையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த நோயாளி அவர் ஒருவர்தான். அவரைத்தான் குப்பைத் தொட்டிக்குப் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல குணம். அன்றைக்கு அந்தக் குணம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் கடைசி நோயாளியும் போன பிறகு அட்டைகளை அடுக்கிக்கொண்டே காத்திருந்தேன். ஏதாவது சொல்வார் என்று. அவர் கைகழுவிவிட்டு வந்து, "பிழை என்னிலையும் இருக்கு. மருந்தைக் கூட்ட முந்தி நான் கேட்டிருக்கோணும்" என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரும்தான் என்ன செய்வார்? மற்றவர்களை ஏசுவதற்கு நான் இருக்கிறேன். என்னை ஏச வேண்டுமென்றால் அவர் யாரிடம் கோடு போட்டு அனுப்புவார்? அந்தக் காலிக் கிளினிக்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை. இரக்கத்தில் வந்தது என்று எழுத ஆசைதான்.

மறுநாள் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, டாக்டரைக் கேட்டுப் புதிதாக எழுதினேன். ரத்தம் எடுக்கிற நாளிலும் ரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு வரவும். சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவந்து, பசியாறிய பிறகு போடவும். மற்ற நாள்களில் பசியாறிவிட்டே வரவும். சந்தேகம் இருந்தால் கேட்கவும். நாலு வரி. அந்த வாரம் பட்டை சுற்றும் முன்பு ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு மருந்து போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "கிளினிக்குக்கு வர்ற நாள்ல எப்படிம்மா போடுவேன்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பாடம் நடத்துகிற தோரணையில் கேட்டார். ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர், என்னிடம் என்னுடைய பாடத்தையே ஒப்பித்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இத்தனை வருடமாக இவர்களுக்கெல்லாம் எத்தனை மாத்திரை கூட்டிக் கொடுத்தோமோ தெரியாது.

அண்ணனுக்கு டாக்டர் மருந்தைப் பழையபடி ஒன்றாகக் குறைத்துவிட்டார். ஒரு வாரம் வேனைத் தொடக் கூடாது, வீட்டுக்குப் பக்கத்துப் பார்மசியில் தினமும் அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும், வருகிற நாள் பசியாறி மருந்தும் போட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வாரம் வேனை அவர் மைத்துனர் ஓட்டினாராம். லைசென்ஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தார். புதுச் சட்டை. வேட்டி கட்டாத குறைதான். கவுண்டருக்கு வந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே, "பசியாறிட்டேன் அக்கா. இட்லி. மூணு. மருந்தும் போட்டுட்டேன்" என்று ஒப்பித்தார். அப்படி ஒப்பித்தது என்னை என்னவோ செய்தது.

பட்டையை நான் எடுக்கவில்லை. டாக்டரே அவரை உள்ளே கூப்பிட்டு, பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, வேனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பார்த்தார். நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பது. எழுதிக்கொண்டு வந்த தாளிலும் அதே மாதிரிதான். பாரத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டையின் மூலை சுத்தமாக இருந்தது.

பாரத்தில் கிளினிக் முத்திரை குத்துவது என் வேலை. குத்திவிட்டுக் கையில் கொடுக்காமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயார்செய்து வந்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். அதுதான் முதலில் வந்தது.

"ஏண்ணே, தல சுத்துனது அன்னிக்குத்தான் மொதல் தடவையா? முன்னாடியும் சுத்தியிருக்கும்ல?"

"சுத்துச்சு அக்கா. ஒரு வாரமாவே. மருந்து போட்டா மத்தியானம் வரைக்கும் கெறக்கமாவே இருக்கும்."

"அப்ப ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்லண்ணே? இந்தா இருக்கிற ஈப்போ. ஒரு போன் பண்ணியிருந்தா நான் டாக்டர்கிட்ட சொல்லி மருந்தக் கொறைச்சிருப்பேனே. புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஏன் அப்பிடி ஓட்டுனீங்க?"

அவர் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் சிரித்தார்.

"போன் பண்ணுனேன் அக்கா. ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் நீங்கதான் எடுத்தீங்க."

மேசையில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்க சத்தத்தக் கேட்டதும் வச்சிட்டேன். பேசாம வச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்கலா" என்றார்.

பாரத்தை என் விரலிலிருந்து அவரே மெல்ல எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளி விடுகிற நேரம் ஆகிறது, வேனை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். கேட்டுவிட்டுப் போனவர் அவர்.

ஹாலில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். மலாய்க்கார அம்மா ஒருவர், பல வருடமாக வந்து என் ஏச்சைக் கேட்கிறவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை உற்றுப் பார்த்தார். உட்காருங்கள், அவசரமில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. கண்ணாடித் துவாரத்தின் வழியாகக் கையை விட்டு என் மணிக்கட்டைத் தொட்டு, காய்ச்சலா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.